எனர்ஜி மாடல்: முதல்முறை செய்பவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

ஒரு கட்டடம் எவ்வளவு சூடாகும், எவ்வளவு மின்சாரம் தின்னும் என்று கணக்கிடும் மென்பொருள் எனர்ஜிபிளஸ். அதில் கட்டடங்களை ஓட்டிப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. வரைய ஸ்கெட்ச்அப்பும், வரைந்ததை எனர்ஜிபிளஸுக்குத் தயார்செய்ய ஓப்பன்ஸ்டூடியோவும் வைத்துப் புதிதாக இறங்கியவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில்.

சார், ரெவிட் என்ற கட்டட வரைபட மென்பொருளில் செய்த எங்கள் மாடலில் கதவுக் கைப்பிடி வரை இருக்கிறது. ஜிபிஎக்ஸ்எம்எல்லாக (எனர்ஜி மென்பொருள்கள் படிக்கும் ஃபைல் வகை) எடுத்து அப்படியே ஓட்டலாமா?

எடுக்கலாம், ஓடுமா என்பதுதான் சந்தேகம். கணக்குக்கு வேண்டியது அறையின் காற்றும் அதை மூடியிருக்கும் பரப்புகளும் மட்டுமே. கைப்பிடி, கிரில், பீரோ, தூண் எதுவும் வேண்டாம். விட்டுவைத்தால் தூணுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் அகலத்துக்கு ஒரு 'அறை' முளைத்திருக்கும். அப்படி ஒரு ஃபைலோடு இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். மூன்றாம் நாள் தூக்கிப்போட்டுவிட்டு முதலிலிருந்து வரைந்தேன், அரை நாளில் முடிந்தது. ஆனால் சன்ஷேடையும் வெயிலை மறைக்கும் பக்கத்து வீட்டையும் விட்டுவிடாதீர்கள். அவற்றை நிழல் பரப்பாக வரைந்தால் போதும், உள்ளே அறை வேண்டாம்.

அண்ணா, 9 இன்ச் சுவரை ஒற்றைக் கோடாக வரையச் சொல்கிறார்கள். தடிமன் எங்கே போகும்?

வரைபடத்தில் சுவர் வெறும் தாள். தடிமனைக் கன்ஸ்ட்ரக்‌ஷனில் கொடுப்போம்: வெளிப்பூச்சு, செங்கல், உள்பூச்சு, இதே வரிசையில், வெளியிலிருந்து உள்ளே. இருபுறமும் பூசிய 9 இன்ச் செங்கல் சுவரின் யூ மதிப்பு (வெப்பம் எவ்வளவு எளிதாகக் கடக்கிறது என்ற அளவு) 2-ஐ ஒட்டி வரும். எங்கோ தள்ளி வந்தால் தடிமனைப் பாருங்கள். அது மீட்டரில் இருக்க வேண்டும், 230 அல்ல, 0.23.

ஒவ்வொரு அறைக்கும் ஒரு ஜோன் (ஒரே வெப்பநிலை என்று வைத்துக் கணக்கிடும் பகுதி) போட வேண்டுமா?

வேண்டாம். ஒரே ஏசி செட்டிங், ஒரே பயன்பாடு, ஒரே திசை ஜன்னல் என்றால் சேர்த்துவிடலாம். மேற்கு வெயில் வாங்கும் அறையை மட்டும் வடக்கு அறையோடு சேர்க்காதீர்கள்.

சென்னை வெதர் ஃபைல், இரண்டு மாடி வீடு. எரர் எதுவும் இல்லை. மே மாதத்தில்கூட கீழ்த்தளம் குளுகுளுவென்று இருக்கிறது. நல்ல டிசைன் என்று எடுத்துக்கொள்ளலாமா?

அவசரப்படாதீர்கள் தம்பி! தரை வெப்பநிலை என்று நீங்கள் எதுவும் கொடுக்காவிட்டால் எனர்ஜிபிளஸ் வருடம் முழுக்க 18 டிகிரி என்று வைத்துக்கொள்ளும். சென்னை மண்ணில் 18 டிகிரிக்கு எங்கே போவது? உங்கள் வீடு ஓசி ஏசி ஒன்றின் மேல் உட்கார்ந்திருக்கிறது. வெதர் ஃபைலின் தலைப்பில் இருக்கும் மண் வெப்பநிலையையும் அப்படியே ஒட்ட வேண்டாம், அது மேலே கட்டடம் இல்லாத வெற்று நிலத்துக்கானது. எனர்ஜிபிளஸோடு வரும், தரை வழியே போகும் வெப்பத்தைக் கணக்கிடும் கிவாவைக் கொண்டு கணக்கிடுவது நல்லது.

அப்புறம், நடு ஸ்லாப்பையும் ஒருமுறை பாருங்கள். கீழ்த்தளத்தின் சீலிங்கும் மேல்தளத்தின் தரையும் ஒன்றையொன்று ஜோடியாகக் காட்ட வேண்டும். இரண்டிலும் 'அவுட்டோர்ஸ்' என்று இருந்தால் இடையில் வெளிக்காற்று அடிப்பதாகக் கணக்கு ஓடும். என் முதல் வீட்டில் இதைக் கவனிக்காமல் ரிப்போர்ட்டே எழுதிவிட்டேன். ஓப்பன்ஸ்டூடியோவில் முதலில் இன்டர்செக்ட் (ஒட்டும் பரப்புகளை ஒரே அளவாக வெட்டுவது), பிறகு மேட்ச் (ஜோடி சேர்ப்பது). பவுண்டரி கண்டிஷன் (பரப்பின் மறுபுறம் என்ன என்பது) வாரியாக நிறம் காட்டச் சொன்னால் விட்டுப்போனது பளிச்சென்று தெரியும்.

எரர் ஃபைலில் 200 வார்னிங். எல்லாவற்றையும் தீர்க்க வேண்டுமா?

வார்னிங், சிவியர், ஃபேட்டல் என்று கடுமை ஏறிக்கொண்டே போகும். ஃபேட்டல் வந்தால் ரன் நின்றுவிடும், அதனால் தானாகக் கவனிப்பீர்கள். சிவியரை ஒன்றுகூட விடாதீர்கள். வார்னிங்கில் பாதி ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வருவதாக இருக்கும், ஆனாலும் படியுங்கள். ஜோனின் கனஅளவு பூஜ்யத்துக்குக் கீழே போகிறது என்று வந்தால், ஏதோ ஒரு சுவரின் வெளிமுகம் உள்பக்கம் திரும்பியிருக்க வாய்ப்பு அதிகம்.

அக்காவின் வில்லாவை முதல் மாடலாக எடுத்துக்கொள்ளட்டுமா?

வில்லா காத்திருக்கட்டும். 3 மீட்டருக்கு 4 மீட்டர், உயரம் 3 மீட்டர் என்று ஒரே ஒரு அறை வரையுங்கள், மேற்கில் ஒரு ஜன்னல். ஓட்டிவிட்டு, ஜன்னல் வழியே வரும் வெயிலை மணிவாரியாகப் பாருங்கள், சாயங்காலம் உச்சம் தொட வேண்டும். பிறகு வடக்கு அச்சை 180 டிகிரி ஆக்கி மறுபடி ஓட்டுங்கள், கட்டடம் திரும்பி ஜன்னல் கிழக்குக்குப் போயிருக்கும். உச்சம் காலைக்கு நகரவில்லை என்றால் ஃபைலை அனுப்புங்கள், பார்க்கிறேன்.