சிகரெட்டை நிறுத்திய கணவர் எரிந்து விழுகிறார்... என்ன செய்வது?

கேள்வி: என் கணவருக்கு வயது 46. 20 வருடமாகச் சிகரெட் பிடிப்பவர், காலையில் எழுந்ததுமே ஒன்று வேண்டும். மகள் கெஞ்சியதால் 5 நாட்களுக்கு முன் நிறுத்தினார். அன்றிலிருந்து தொட்டதற்கெல்லாம் கத்துகிறார். தூக்கமில்லை, இருமலும் கூடிவிட்டது. நேற்று சட்டையில் வாடை வந்தது. கேட்டால், "ஆமா, ஒண்ணு பிடிச்சேன், இப்ப என்ன?" என்கிறார். பெரிய சண்டையாகிவிட்டது. சாப்பாட்டில் கலந்து கொடுத்தால் சிகரெட் மறந்துவிடும் என்று உறவினர் ஒரு பொடி வாங்கித் தந்திருக்கிறார். கொடுக்கலாமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அந்தப் பொடியைத் தூக்கி எறிந்துவிடுங்கள். சிகரெட்டை மறக்கடிக்கும் பொடி என்று மருத்துவத்தில் ஒன்றும் இல்லை. அதில் என்ன கலந்திருக்கிறது என்பதும் தெரியாது. கலந்து கொடுத்தது என்றைக்காவது தெரியவந்தால், உங்கள் கையால் சாப்பிடவே அவர் யோசிப்பார்.

அவருடைய எரிச்சலுக்குக் காரணம் நீங்கள் அல்ல. 20 வருடம் நிக்கோடினுக்குப் பழகிய மூளை, அது கிடைக்காமல் தவிக்கிறது. முதல் சில நாட்கள்தான் மிகக் கடுமை. 2 முதல் 4 வாரங்களில் படிப்படியாக அடங்கிவிடும். அவர் கத்தும்போது பதிலுக்குக் கத்தாமல் அடுத்த அறைக்குப் போய்விடுங்கள், அடங்கிய பிறகு பேசலாம். ஆனால் கை நீட்டினால், அதற்கு நிக்கோடினைக் காரணம் சொல்லக்கூடாது. நீங்கள் பொறுத்துக்கொள்ளவும் வேண்டாம்.

புகையால் முடங்கிக் கிடந்த மூச்சுக்குழாயின் நுண்ணிய முடிகள் மறுபடி வேலை செய்து சளியை வெளியே தள்ளுவதால் சில வாரங்கள் இருமல் கூடலாம். 'விட்ட பிறகுதான் இருமலே வந்தது' என்று பழையபடி பிடிக்கத் தொடங்குபவர்கள் நிறைய. அவரிடம் இதை இப்போதே சொல்லிவையுங்கள்.

தூக்கத்துக்கு ஒன்று செய்யலாம். புகை பிடிக்கும்வரை உடல் காபியில் உள்ள காஃபினை வேகமாக வெளியேற்றும். நிறுத்தியதும் அதே காபி உடலில் அதிக நேரம் தங்கிப் படபடப்பைத் தரும். காபி, டீயைப் பாதியாகக் குறையுங்கள், மாலைக்கு மேல் வேண்டாம்.

இனி அந்த ஒரு சிகரெட். மறைக்காமல் 'பிடிச்சேன்' என்று சொன்னாரே, அந்த நேர்மையைக் கெடுத்துவிடாதீர்கள். இன்று சண்டை போட்டால், நாளை வாயில் பாக்கைப் போட்டுக்கொண்டு வந்து நிற்பார், உங்களுக்குத் தெரியவே வராது. சட்டைப் பையைத் துழாவ வேண்டாம். 'அப்பா உன்னை ஏமாத்திட்டார்' என்று மகளிடமும் சொல்லாதீர்கள், அவமானம் தாங்காமல்தான் பலர் மறுபடி பெட்டி பெட்டியாக ஊதுகிறார்கள். எங்கே, எப்போது, யாரோடு பிடித்தார் என்று மட்டும் சாந்தமாகக் கேளுங்கள். பெரும்பாலும் சாப்பாட்டுக்குப் பிறகோ, நண்பர்களோடு டீக்கடையிலோ இருக்கும். அப்படியானால் கொஞ்ச நாளைக்கு டீயை வீட்டிலேயே குடிக்கட்டும், சாப்பிட்டதும் இருவருமாக ஒரு நடை போய் வாருங்கள். ஆசை எழுந்தால் சில நிமிடங்களில் தணிந்துவிடும். அந்த நேரத்துக்கு ஏலக்காயோ கிராம்போ நெல்லிக்காயோ வாயில் இருக்கட்டும். பாக்கு மட்டும் கூடவே கூடாது. புகையிலை சேராத பாக்கும் வாய்ப்புற்றுநோயை வரவழைக்கும்.

எழுந்ததுமே சிகரெட் தேடுபவருக்கு மன உறுதி மட்டும் போதாமல் போகலாம், அது அவருடைய குறை அல்ல. மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நிக்கோடின் சூயிங்கம், தோலில் ஒட்டும் பட்டை, மாத்திரை என்று நல்ல உதவிகள் இருக்கின்றன. சூயிங்கத்தைச் சாதாரண மிட்டாய் போல மென்று தள்ளினால் விக்கலும் நெஞ்சு எரிச்சலும்தான் மிஞ்சும். மெதுவாக மென்று, சுருக்கென்று காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கிவைத்து, காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும். அதற்கு 15 நிமிடம் முன்பிருந்தே டீ, காபி, ஜூஸ் கூடாது. 1800-11-2356 என்ற இலவச தேசிய எண்ணில் தமிழிலும் ஆலோசனை கிடைக்கும். சிகரெட் பெட்டியிலேயே அந்த எண் அச்சிடப்பட்டிருக்கும்.

சர்க்கரை நோய்க்கு மருந்தோ, ஆஸ்துமாவுக்குத் தியோபிலின் கலந்த மாத்திரையோ எடுப்பவராக இருந்தால், சிகரெட்டை நிறுத்திய விஷயத்தை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம். சளியில் ரத்தம் வந்தாலோ, வாழவே பிடிக்கவில்லை என்று அவர் பேசினாலோ அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.