ஹைட்ராலிக் ஆயில் கேனில் 46, 68 என்று போட்டிருக்கிறதே, இதில் 68 தான் உயர்ந்த தரமா?

இல்லை. அந்த எண்ணுக்கும் தரத்துக்கும் சம்பந்தமே கிடையாது. நாகர்கோவில் பக்கம் ஹைட்ராலிக் ரிப்பேர் வேலை பார்க்கிறேன், "அண்ணே, 68 நம்பர் கூடுதல்லா, அதையே ஊத்துங்க" என்று வாரத்துக்கு ஒருத்தராவது வந்து நிற்பார்.

அது கெட்டித்தன்மையின் எண், அதாவது விஸ்காசிட்டி. அக்கானி, அதாவது பதநீர், தண்ணீர் மாதிரி ஓடும், அதையே காய்ச்சிக் கூப்பனிப் பாகு ஆக்கினால் இழுத்துக்கொண்டு ஒழுகும், அந்த வித்தியாசம்தான். ஐஎஸ்ஓ விஜி (விஸ்காசிட்டி கிரேடு) 46 என்றால் 40 டிகிரி செல்சியஸில் அந்த ஆயிலின் விஸ்காசிட்டி 46 சென்டிஸ்டோக் (அதை அளக்கும் அலகு), பத்து சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம். ஆனால் அடுப்பில் இருக்கும் கூப்பனி கரண்டியில் நிற்காது, ஆறினால் அசையாது, இல்லையா? ஆயிலும் அப்படித்தான், சாதாரண 46 மினரல் ஆயில் 100 டிகிரியில் ஏழு சென்டிஸ்டோக் பக்கம் இறங்கிவிடும். இந்த இறக்கம் குறைவாக இருந்தால் விஸ்காசிட்டி இன்டெக்ஸ் கூடுதல் என்பார்கள். சாதாரண மினரல் ஆயிலில் அது 100-ஐ ஒட்டி வரும். எண் கூடினால் நல்லது என்று சொல்வதானால் இதைச் சொல்லலாம், இதைத்தான் யாரும் கேட்பதில்லை.

தேவைக்கு மேல் கெட்டியாக இருந்தால் பம்ப் ஆயிலை இழுக்க முடியாமல் கரகரவென்று கத்தும். நீர்த்துப்போனால் உள்ளுக்குள்ளேயே கசிந்து, சூடானதும் இழுவை குறையும். அதனால் மெஷின் மேனுவலில் என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு.

கேனில் எண்ணோடு இருக்கும் எழுத்துகளையும் பாருங்கள். எச்எல் என்றால் துருவுக்கும் ஆக்ஸிடேஷனுக்கும் எதிரான மருந்து சேர்த்தது. எச்எம்மில் அதோடு தேய்மானத்தைத் தடுப்பதும் உண்டு, ஜெர்மன் கணக்கில் எச்எல்பி என்று போட்டிருப்பார்கள். எச்வி என்பது எச்எம்மே, இன்டெக்ஸ் மட்டும் கூடுதல்.

அப்புறம், எஸ்ஏஇ 40 இன்ஜின் ஆயிலை 46-க்குப் பக்கத்து எண் என்று நினைத்துவிடாதீர்கள், இரண்டும் வேறு வேறு அளவுகோல். விஜி கணக்கில் எஸ்ஏஇ 40 ஏறக்குறைய 150 வரும். முட்டத்தில் ஒரு போட்டுக்காரர் அவசரத்துக்கு வலை இழுக்கும் விஞ்சின் ஆயில் டேங்கில் அதைத்தான் ஊற்றியிருந்தார், தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போன முதல் நாளே வலையை இழுக்கத் திணறியிருக்கிறது. மூடியைத் திறந்தால் உள்ளே பால் டீ நிறம். சீல் வழியாகத் தண்ணீரும் போயிருக்கிறது. கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் எடுத்து ராத்திரி முழுக்க வைத்தேன். நல்ல ஹைட்ராலிக் ஆயில் என்றால் தண்ணீர் பிரிந்து அடியில் நிற்கும், டிமல்சிபிலிட்டி என்று டேட்டா ஷீட்டில் இருப்பது அதுதான். இன்ஜின் ஆயிலில் உள்ள டிடர்ஜென்ட் தண்ணீரைப் பிரியவிடாது, காலையிலும் அதே பால் டீ.

முழுக்க வடித்து, லைனை ஃப்ளஷ் பண்ணி, சீலும் ஃபில்டரும் மாற்றி, மேனுவலைத் தேடிப் பார்த்தால் அதில் போட்டிருந்தது எச்எம் 68. "நான் அப்பவே சொன்னேம்லா" என்றார் போட்டுக்காரர்.