வலென்சியாவின் ஃபாயாஸ் விழா: கேள்வி பதில்

கேள்வி: எனக்கு மூன்று நாள் விடுப்புதான் கிடைக்கும். ஃபாயாஸ் விழாவில் எந்த நாள்களைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: மார்ச் 17, 18, 19. ஸ்பெயினின் வலென்சியா நகரில் இந்த விழாவுக்கென்றே செய்யப்படும் பெரிய கேலிச் சிலைகள் 16ஆம் தேதி விடிவதற்குள் தெருச்சந்திப்புகளில் நிறுத்தி முடிக்கப்பட்டுவிடும். 19ஆம் தேதி, அதாவது சூசையப்பர் (புனித யோசேப்பு) திருநாளன்று இரவு, அவை எரிக்கப்படும். அந்த இரவைத் தவறவிட்டால் விழாவையே தவறவிட்டதாகும் என்பதால் திரும்பும் பயணத்தை 20ஆம் தேதிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஓராண்டு உழைத்துச் செய்த கலைப்படைப்பைக் கொளுத்திவிடுவது வீண் அல்லவா? எனக்கு மனம் ஒப்பவில்லை.

பதில்: வெளியூரார் பலருக்கும் முதலில் எழும் கேள்வி இது. வலென்சியாவின் தச்சர்கள், குளிர்கால இரவுகளில் விளக்கு மாட்டி வேலை செய்த மரத்தாங்கிகளையும் பட்டறைக் கழிவுகளையும் வசந்தம் நெருங்கும்போது தங்கள் காவலரான சூசையப்பரின் திருநாளையொட்டித் தெருவில் எரித்தார்கள் என்பதும், அந்தத் தாங்கிக்குப் பழந்துணி உடுத்தி அக்கம்பக்கத்தார் ஒருவரைப் போல ஆக்கிக் கேலி செய்ததிலிருந்தே இன்றைய சிலைகள் பிறந்தன என்பதும் அங்கே வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. கேலி இன்றும் தொடர்கிறது. அரசியல்வாதிகளும் புகழ்பெற்றவர்களும் அதற்குத் தப்புவதில்லை. சிலையருகே வைத்திருக்கும் வலென்சிய மொழிப் பலகைகளை யாரிடமாவது கேட்டுப் புரிந்துகொள்ளுங்கள், பாதிச் சுவை அதில்தான் இருக்கிறது. அந்த ஆண்டின் குறைகளை அந்த ஆண்டோடு தீர்ப்பதற்காகவே செய்யப்படும் சிலையைப் பாதுகாத்து வைத்தால் அதன் பொருளே போய்விடும் என்பது என் உறுதியான எண்ணம். ஆயினும் 1934 முதல் ஆண்டுதோறும் மக்கள் வாக்களித்து ஓர் உருவத்தை நெருப்பிலிருந்து விடுவித்து அருங்காட்சியகத்தில் வைக்கிறார்கள்.

கேள்வி: பகல் இரண்டு மணிக்கு வெடிக்கும் வெடியைக் காண என்ன இருக்கிறது?

பதில்: காண்பதற்கு அதிகமில்லை, கேட்பதற்காகவும் உடலால் உணர்வதற்காகவுமே அது இருக்கிறது. மார்ச் 1 முதல் 19 வரை நாள்தோறும் நகராட்சிச் சதுக்கத்தில் நடக்கும் இந்த மாஸ்க்லெதா, சில நிமிடங்களே நீடிப்பது. தாளக்கட்டு போல மெல்லத் தொடங்கி, அடுக்கடுக்காக விரைந்து, நிலமதிரும் முழக்கத்தில் முடியும். வாயைச் சற்றுத் திறந்து வைத்துக்கொண்டால் காதில் அழுத்தம் குறையும் என்று உள்ளூரார் சொல்வார்கள். ஒரு மணி நேரம் முன்னதாகச் செல்லுங்கள். கைக்குழந்தையோடும் இதய நோயாளிகளோடும் சதுக்கத்தின் நடுவில் நிற்க வேண்டாம்.

கேள்வி: தெருக்களில் போட்டிருக்கும் பந்தல்களுக்குள் வெளிநாட்டவர் போகலாமா?

பதில்: அழைத்தால் போகலாம். ஒவ்வொரு பகுதியின் விழாக்குழுவும் உறுப்பினர்களிடம் ஆண்டு முழுதும் பணம் சேர்த்து அமைத்த பந்தல் அது; உணவு விடுதி அன்று. ஆனால் சிலையைப் பற்றி ஆர்வமாகக் கேட்பவரை அவர்கள் பெருமையோடு வரவேற்பார்கள். 17, 18 தேதிகளில் கைவிடப்பட்டோரின் அன்னை என்று அங்கே வணங்கப்படும் மரியாளுக்கு மலர் செலுத்த வரும் ஊர்வலத்தில் பட்டாடை உடுத்திய பெண்கள் பலர் கண்கலங்கி நடப்பதைக் காண்பீர்கள். அவர்கள் முன்னே பாய்ந்து படமெடுக்காதீர்கள், வரிசைக்குள் புகாதீர்கள். அவர்களுக்கு அது வழிபாடு.

கேள்வி: எரியூட்டலை எங்கே நின்று பார்ப்பது? ஏழு வயது மகளும் வருகிறாள்.

பதில்: மகளுக்காகச் சிறுவர் சிலைகளைத் தேர்ந்தெடுங்கள், அவை சிறியவை, பெரியவற்றுக்கு முன்பே மாலையில் எரிக்கப்படுகின்றன. பிறகு நகராட்சிச் சதுக்கத்தின் நெரிசலை விட்டு, ஏதேனும் ஒரு குடியிருப்புப் பகுதியின் சிலைக்குச் செல்லுங்கள். தீயணைப்பு வீரர்கள் வந்து சுற்றியுள்ள கட்டடச் சுவர்களை நனைத்த பின்னரே நெருப்பு வைப்பார்கள் என்பதால் அறிவித்த நேரம் தள்ளிப்போகலாம். தெர்மாகோல் சிலைகள் கரும்புகை கக்கும். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கம் நில்லுங்கள், பருத்தி ஆடை அணியுங்கள்.