பழைய கேப் போட்ட பல்லைச் சுற்றி ஈறு வீங்கி ரத்தம் வருகிறது, வலி இல்லை. கேப்பை மாற்றியே ஆக வேண்டுமா?

மாற்ற வேண்டி வரலாம், வராமலும் போகலாம். ஆனால் வலி இல்லையே என்று தள்ளிப்போடாதீர்கள். ரூட் கேனால் செய்து கேப் போட்ட பல்லில் நரம்பே கிடையாது. உள்ளே சொத்தை எவ்வளவு தூரம் போனாலும் பெரும்பாலும் வலிக்காது. பல நேரம் ஈறுதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

எனக்கு இருந்தது கீழ்க் கடைவாயில் ஒரு மெட்டல் செராமிக் கேப், அதாவது உள்ளே உலோகம், மேலே பீங்கான். பல் தேய்த்தால் அந்த ஒரு இடத்தில் மட்டும் ரத்தம், காலையில் கெட்ட வாடை. முதலில் போன கிளினிக்கில் வாயைப் பார்த்த கையோடு, "எடுத்துட்டு ஜிர்கோனியா போட்டுடலாம் சார்" என்றார்கள் (உலோகம் உள்ளே இல்லாத வெள்ளை செராமிக் கேப்). எக்ஸ்ரேகூட எடுக்கவில்லை. எதனால் வந்தது என்று தெரியாமல் புதுசு போட்டால் அதற்கும் இதே கதிதானே?

அடுத்துப் பார்த்த டாக்டரம்மா, கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு அளந்து, "ரெண்டு, மூணு, ஆறு" என்று உதவியாளரிடம் சொல்லிக்கொண்டே வந்தார். எல்லாம் மில்லிமீட்டர். மூன்று வரை சரி, அந்த ஆறுதான் வில்லங்கம். பிறகு ஃப்ளாஸ் நூலை இறக்கினார். மற்ற பற்களில் வழுக்கிக்கொண்டு வந்த நூல் இங்கே மட்டும் சிக்கி நார்நாராகப் பிரிந்தது. கேப் ஓரம் பல்லோடு பொருந்தாமல் துருத்திக்கொண்டிருந்தது. எக்ஸ்ரேயில் அதற்குக் கீழே கறுப்பு நிழல். (கேப்பின் உலோகம் எக்ஸ்ரேயில் உள்ளே இருப்பதை மறைத்துவிடும், ஓரத்தில்தான் ஏதாவது தெரியும்.) கேப்பை அறுத்து எடுத்தால் உள்ளே பழுப்பாக, சுரண்டினாலே வருகிற சொத்தை.

ஆக, எனக்கும் மாற்றத்தான் வேண்டியிருந்தது. ஆனால் அப்படியே புதுசை மாட்டவில்லை. பழைய ஓரம் ஈறுக்குள் ரொம்ப ஆழமாகப் போயிருந்ததால், ஈறையும் எலும்பையும் கொஞ்சம் குறைத்து, ஆறவிட்டு, அதன் பிறகுதான் அளவெடுத்தார்.

என் அம்மாவுக்கு நேர்மாறு. கேப்மேல்தான் பழி விழுந்தது. பார்த்தால் முன்பற்களிலும் ஈறு தடித்திருந்தது. பிரஷருக்குச் சாப்பிடும் அம்லோடிபின் சிலருக்கு அப்படிச் செய்யும். ஃபிஸிஷியன் மாத்திரையை மாற்றினார், பல்லை க்ளீன் செய்தார்கள், மெல்ல வற்றியது. கேப் இன்னும் அப்படியே இருக்கிறது. நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். சர்க்கரை இருந்தால் அதையும் பாருங்கள், ஏறிக் கிடந்தால் ஈறு சீக்கிரம் ஆறாது. கவரிங் கம்மல் போட்டாலே காது புண்ணாகிறவர் என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள்; கம்மலில் ஒத்துக்கொள்ளாத நிக்கல் உலோகம் பழைய கேப்களிலும் பெரும்பாலும் கலந்திருக்கும்.

ஈறில் பரு மாதிரி வந்து உடைந்து திரும்பத் திரும்பச் சீழ் வந்தால் உப்புத்தண்ணீர் கொப்பளித்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். வேர் நுனியில் சீழ் பிடித்திருக்கலாம், வேரே விரிசல் விட்டிருக்கலாம். செலவுக்குப் பயந்தால் சென்னையில் பாரிமுனை பக்கம் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, கூட்டம் இருக்கும், பொறுமை வேண்டும். ஈறு இறங்கி ஓரத்தில் கறுப்புக் கோடு தெரிவது மட்டும்தான் என்றால் அது உள்ளிருக்கும் உலோகம். ரத்தமும் வாடையும் இல்லாதவரை அதற்கு அவசரமில்லை.