சிங்கப்பூர் – நியூயார்க்: டிக்கெட்டில் ஆறரை மணி நேரம்தானா?

வணக்கம். ஜூலையில் அம்மாவின் விமானம் சிங்கப்பூரில் இரவு 11.30க்குப் புறப்பட்டு மறுநாள் காலை 6 மணிக்கு நியூயார்க் சேர்வதாக டிக்கெட்டில் இருக்கிறது, ஆறரை மணி நேரத்தில் எப்படிப் போக முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

டிக்கெட்டில் தவறில்லை. இரண்டு நேரமும் அந்தந்த ஊர்க் கடிகாரப்படி அச்சிடப்படுபவை. கோடையில் நியூயார்க் சிங்கப்பூரைவிட 12 மணி நேரம் பின்தங்கியிருக்கும். அதைக் கூட்டினால் பயணம் பதினெட்டரை மணி நேரம். நவம்பர் முதல் ஞாயிறிலிருந்து மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை வித்தியாசம் 13 மணி நேரம். நேர்க்கோட்டுத் தொலைவு சுமார் 15,300 கிலோமீட்டர். ஆனால் விமானி அந்தக் கோட்டிலேயே போவதில்லை. மேற்கிலிருந்து வீசும் உயரக் காற்று முதுகில் தள்ளுமென்றால், பசிபிக் பக்கமாகச் சுற்றிப் போவதே லாபம். ஆகவே, கிலோமீட்டரை வேகத்தால் வகுத்து நேரம் கணக்கிடாதீர்கள்.

திரும்பும்போது தேதியில் கவனம் தேவை. வெள்ளி இரவு 10.30க்கு ஏறினால் சிங்கப்பூரில் இறங்குவது ஞாயிறு அதிகாலை. அழைத்துவர வருபவரிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள்.

அம்மாவுக்கு மூட்டுவலி என்கிறீர்கள். நடைபாதை ஓர இருக்கையை இப்போதே பதிவு செய்யுங்கள். அடிக்கடி எழுந்து நடக்கட்டும். சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர் என்பதால், எந்த ஊர் நேரப்படி எப்போது போடுவது என்று மருத்துவரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிக் கைப்பையில் வையுங்கள். மாத்திரைகளும் அதே பையில்தான் இருக்க வேண்டும், பெட்டியில் வேண்டாம். ஒரே மூச்சில் இவ்வளவு நேரம் உட்கார முடியாது என்றால் ஃபிராங்ஃபர்ட் வழியாகப் போகும் விமானத்தையும் பாருங்கள்.