முழு சார்ஜில் நின்றுபோன வண்டி: மின்சாரப் பேருந்துகள் பற்றி ஒரு டிப்போ மெக்கானிக்கின் கேள்வி பதில்

முப்பது வருடத்துக்கு மேல் டிப்போவில் கிரீஸும் டீசலுமாகக் கிடந்தவன் நான். கடைசி சில வருடங்கள் மின்சாரப் பேருந்துப் பராமரிப்பு. எந்த டிப்போ என்று மட்டும் கேட்காதீர்கள், கூட வேலை பார்த்தவர்களுக்குச் சங்கடம். சென்னையில் 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடியிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள், ஆகஸ்டில் பெரும்பாக்கத்திலிருந்து இன்னும் 135 என்று இறங்கிய பிறகு, பார்க்கிறவர்கள் எல்லாம் என்னை நிறுத்திக் கேட்கிறார்கள். அவற்றில் சில இங்கே.

அண்ணா, மோட்டார் எரிந்துபோனால் நடுரோட்டில் வண்டி நின்றுவிடும் என்கிறார்களே? (கல்லூரி மாணவர், பெரம்பூர்)

மோட்டாரால் நின்ற வண்டியை நான் பார்த்ததை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம் தம்பி. டீசல் எஞ்சினில் இன்ஜெக்டர், டர்போ, ரேடியேட்டர், பெல்ட், கிளட்ச் என்று பழுதாக ஆயிரம் இருக்கிறது. மோட்டாருக்குள் சுற்றுவது ஒரே ஒரு ரோட்டர்தான்.

வண்டியை நிறுத்துவது எல்லாம் சில்லறைச் சாமான். கதவு சரியாக மூடியதாக சென்சார் ஒப்புக்கொள்ளாது. கதவு திறந்திருந்தால் வண்டி நகராது, அது பாதுகாப்புக்காக வைத்த பூட்டு. ஏர் கம்ப்ரசர் மக்கர் செய்தால் பிரேக்குக்குக் காற்று ஏறாது.

ஒரு நாள் விடிகாலை நாலரை மணிக்கு ஒரு வண்டி கிளம்பவே இல்லை. ராத்திரி சார்ஜரில் இருந்து எடுத்தபோது 96 சதவீதம். சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டில் வெளிச்சம்கூட வரவில்லை. டிரைவர் என்னைப் பார்க்கிறார், நான் அவரைப் பார்க்கிறேன். கடைசியில் பார்த்தால் 24 வோல்ட் பேட்டரி காலி. லாரியில் இருக்கிற அதே சாதாரண பேட்டரிதான். பெரிய பேட்டரியை மோட்டாரோடு இணைக்கும் காண்டாக்டர் மூடுவதற்கு இந்தச் சின்ன பேட்டரியின் தயவு வேண்டும். முந்தின இரவு யாரோ உள்விளக்கையும் டிரைவர் ஃபேனையும் அணைக்காமல் போயிருக்கிறார்கள். இருநூறு யூனிட்டுக்கு மேல் கூரையில் சுமந்துகொண்டு ஒரு விளக்கைக்கூடப் போட முடியாமல் நின்றது அந்த வண்டி. டீசல் வண்டியாக இருந்தால் நாலு பேர் தள்ளி ஸ்டார்ட் செய்திருப்போம். இதைத் தள்ளினால் தோள்தான் வலிக்கும்.

ஒரு சார்ஜில் 200 கிலோமீட்டர் என்று போடுகிறார்கள். நிஜமாகவே ஓடுமா சார்? (தாம்பரம்)

எந்த மாதம், ஏசியா இல்லையா, எந்தத் தடம் என்று தெரியாமல் சொல்லும் எண்ணுக்கு மதிப்பில்லை. தோராயக் கணக்கு ஒன்று போட்டுக் காட்டுகிறேன். 12 மீட்டர் வண்டி நகரத்துக்குள் ஏசி இல்லாமல் கிலோமீட்டருக்கு ஒரு யூனிட் சுற்றளவில் குடிக்கும். சித்திரை வெயிலில் ஏசி போட்டு, ஸ்டாப்புக்கு ஸ்டாப் இரண்டு கதவையும் திறந்து மூடினால் 1.3 வரை போகும். பேட்டரி 250 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி இருபது சதவீதத்தை யாரும் தொடமாட்டார்கள். மிச்சம் 200 யூனிட். ஏசி இல்லாத வண்டிக்கு 200 கிலோமீட்டர், ஏசி வண்டிக்கு 150. அதனால்தான் மத்தியானம் கூட்டம் குறைந்த நேரத்தில் டிப்போவுக்கு வந்து ஒரு மணி நேரம் சார்ஜ் போட்டுப் போகும்படி ஷெட்யூல் எழுதுகிறார்கள். அந்த ஒரு மணி நேரத்தை டிராஃபிக் விழுங்கிவிட்டால் சாயங்கால ட்ரிப் ரத்து. பயணிக்கு அது "பிரேக்டவுன்". வண்டியில் ஒரு குறையும் இருக்காது.

இன்னொரு விஷயம், டிரைவர்கள் ரொம்பத் திட்டுவது. இங்கே ஓடும் வண்டிகளில் பெரும்பாலும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை பேட்டரி. வெயிலைத் தாங்கும், ஆயுசு கெட்டி. ஆனால் சார்ஜ் எண்பதில் இருந்தாலும் நாற்பதில் இருந்தாலும் அதன் வோல்டேஜ் கிட்டத்தட்ட ஒன்றுதான். மீதி எவ்வளவு என்று கம்ப்யூட்டர் ஊகம்தான் செய்கிறது. அரைகுறையாகவே நாலைந்து நாள் சார்ஜ் போட்டால் அந்த ஊகம் வழுக்கிவிடும். மீட்டர் 27 காட்டிக்கொண்டிருக்கும், ஒரு பாலம் ஏறி இறங்குவதற்குள் 14. டிரைவருக்கு வயிறு கலங்கிவிடும். அவ்வப்போது நூறு சதவீதம் வரை ஏற்றி, செல்கள் சமனாகும் வரை கேபிளைப் பிடுங்காமல் விட்டால் மீட்டர் ஒழுங்குக்கு வரும். காலையில் அவசரத்துக்கு 97-ல் பிடுங்குகிறவர்கள் தயவுசெய்து இதைப் படிக்கவும்.

மழையில் தெரு முழுக்கத் தண்ணீர் நின்றால் ஷாக் அடிக்குமா? (வேளச்சேரியில் இருந்து ஒரு அம்மா)

அடிக்காதும்மா. பேட்டரிப் பெட்டிகள் பெரும்பாலும் ஐ.பி.67 தரம், ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் மூழ்கினாலும் உள்ளே ஒழுகக்கூடாது என்பது அதன் அர்த்தம். அதோடு, மின்கம்பிக்கும் வண்டி பாடிக்கும் நடுவே கசிவு இருக்கிறதா என்று ஒரு கருவி ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். துளி சந்தேகம் வந்தாலும் எச்சரிக்கை கொடுக்கும், மோசமானால் மின்சாரத்தைத் துண்டித்துவிடும்.

தொல்லையும் அதே கருவியால்தான். ஏதோ ஒரு கனெக்டருக்குள் ஈரம் புகுந்திருக்கும், வண்டி "கசிவு" என்று கத்தி நின்றுவிடும். வெயிலில் இரண்டு மணி நேரம் நிறுத்தினால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். எந்தக் கனெக்டர் என்று கண்டுபிடிப்பதற்குள் எங்களுக்கு நாக்குத் தள்ளிவிடும். கார்த்திகை மாதத்தில் நான் அதிகம் செய்த வேலை இதுதான். வண்டியைக் கழுவுகிறவர்கள் ஹை பிரஷர் பைப்பை உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு நிறக் கேபிள் பக்கம் காட்டினாலும் இதே கதை.

ஆனால் தாழ்தள வண்டியின் தரை உயரம் 400 மில்லிமீட்டர்தான், ஒன்றரை அடிகூடக் கிடையாது. முழங்கால் அளவு தண்ணீரில் எந்த எரிபொருள் வண்டியானாலும் இறக்கக்கூடாது.

டிரைவராக இருக்கிறேன். காலை முதல் ட்ரிப்பில் பிரேக் ஒரு மாதிரி, பத்து மணிக்கு மேல் வேறு மாதிரி. பிரமையா?

பிரமை இல்லை சார். ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்தவுடன் மோட்டாரே ஜெனரேட்டராகி வண்டியைப் பின்னால் பிடித்து இழுக்கும், அந்த மின்சாரம் பேட்டரிக்குள் போகும். நிறைந்த குடத்தில் எங்கே ஊற்றுவது? நூறு சதவீதத்தில் வெளியே வரும்போது அந்தப் பிடி இருக்காது, காற்று பிரேக்கையே நம்ப வேண்டும். முதல் சில கிலோமீட்டர் இடைவெளி விட்டு ஓட்டுங்கள். பிறகு பிடி வந்ததும் பிரேக் லைனருக்கு வேலையே குறைந்துவிடும். டீசல் வண்டியில் லைனர் மாற்றிச் சலித்த எங்களுக்கு இதைக் கழற்றிப் பார்த்தபோது முதலில் நம்ப முடியவில்லை. டயர்தான் தேய்கிறது. வண்டி எடையும் அதிகம், எடுத்த எடுப்பில் முழு இழுவையும் கிடைக்கிறது. பச்சை விழுந்ததும் பாய்கிற வழக்கத்தை விட்டால் டயரும் பிழைக்கும், நிற்கிற பாட்டியும் பிழைப்பாள்.

ஹைபிரிட் பஸ்ஸை ஏன் யாரும் இங்கே பேசுவதில்லை? பாதி டீசல், பாதி மின்சாரம், சார்ஜர் வேண்டாம், நல்லதுதானே? (கோவை)

கேட்க நன்றாகத்தான் இருக்கும். சில ஊரில் நன்றாகவே ஓடியும் இருக்கிறது. அமெரிக்காவின் சியாட்டில் 2004-ல் நீளமான ஹைபிரிட் பேருந்துகளை வாங்கியது. அரசு ஆய்வகம் ஒன்று ஒரு வருடம் கூடவே இருந்து அளந்து, அதே மாதிரி டீசல் வண்டியைவிட 27 சதவீதம் கூடுதல் மைலேஜ் என்று எழுதியது. நின்று நின்று போகிற தடத்தில்தான் இந்த லாபம். பைபாஸில் ஓட்டினால் கூடுதல் எடையைச் சும்மா சுமக்கிறோம்.

லண்டன் கதைதான் பாடம். 2012 பிப்ரவரியில் 38-ஆம் எண் தடத்தில் இறங்கிய புதிய ரூட்மாஸ்டர் இரட்டை மாடி ஹைபிரிட் வண்டி. பேட்டரிதான் மோட்டாரை ஓட்டும். தீரத் தீர நாலரை லிட்டர் டீசல் எஞ்சின் ஒன்று நிரப்பிக்கொடுக்கும். 2015-க்குள் எண்பது வண்டி வரை பேட்டரி பழுதாகி எஞ்சினை மட்டும் நம்பி ஓடின. உத்தரவாதத்தில் மாற்றிக் கொடுத்தார்கள், அது வேறு. மேல்மாடி வெயிலில் வெந்துபோகிறது என்று பயணிகள் கூச்சல் போட, மூடி வைத்த ஜன்னல்களைத் திறக்கிற ஜன்னலாக மாற்றவும் வேண்டியதாயிற்று! பேட்டரி செத்தும் வண்டி ஓடியதைப் பாராட்டலாம், ஆனால் எதற்காக அத்தனை விலை கொடுத்தார்களோ அந்தக் காரியம் நடக்கவில்லை.

மெக்கானிக் கண்ணால் பார்த்தால் விஷயம் எளிது. ஹைபிரிட்டில் டீசல் வண்டியின் பழுதும் இருக்கும், மின்சார வண்டியின் பழுதும் இருக்கும். பேட்டரி சின்னது, ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் கொஞ்சம் நிரம்பி, கொஞ்சம் காலியாகி நாள் முழுக்க அடி வாங்கும். ஸ்பேர் அறையில் டீசல் எஞ்சினுக்கு இன்ஜெக்டரும் இருக்க வேண்டும், பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றிக்கொடுக்கும் இன்வெர்ட்டரும் இருக்க வேண்டும். இரண்டும் தெரிந்த ஆளும் வேண்டும். இரண்டு பெண்டாட்டிக்காரன் கதை, வேறென்ன.

மும்பை பாந்த்ரா-குர்லா வட்டாரத்தில் 2018-ல் 25 ஹைபிரிட் ஏசி வண்டிகளை விட்டுப் பார்த்தார்கள். அந்த ஊர் பிறகு மின்சாரத்துக்கே போய்விட்டது. சிங்கப்பூரும் 50 ஹைபிரிட் வண்டி வாங்கிவிட்டு அடுத்தே 60 மின்சார வண்டி வாங்கியது, 2030-க்குள் பாதிப் பேருந்துகள் மின்சாரம் என்பது அவர்கள் இலக்கு.

பின்சீட்டில் உட்கார்ந்தால் ஏதேதோ கடகட சத்தம். புது வண்டி இவ்வளவு சீக்கிரம் தேய்ந்துவிட்டதா?

டீசல் வண்டியில் இதைவிட மோசமாகக் கடகடத்தது, எஞ்சின் சத்தத்தில் உங்களுக்குக் கேட்கவில்லை.

தீப்பிடிக்கிற வீடியோக்கள் வருகின்றனவே. (பூந்தமல்லி)

பயம் நியாயமானது. 2022 ஏப்ரலில் பாரிஸில் ஒரே மாதத்தில் இரண்டு மின்சாரப் பேருந்துகள் எரிந்தன, அதே வகை வண்டிகள் 149-ஐ நிறுத்திவைத்தார்கள். கூரையில் பேட்டரி, தீ மளமளவென்று பரவியது, யாருக்கும் காயம் இல்லை. அவற்றின் பேட்டரி வேறு ரசாயனம். நான் மேலே சொன்ன பாஸ்பேட் வகை அவ்வளவு சுலபத்தில் கொதித்து வெடிக்காது, ஆனால் தீயே பிடிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எனக்கு ரோட்டைவிட டிப்போதான் கவலை. 2021 செப்டம்பர் கடைசியில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் ஒரு டிப்போவில் 25 பேருந்துகள் எரிந்துபோயின. சார்ஜில் நின்ற ஒரு வண்டி மேல்தான் சந்தேகம் விழுந்தது. நம் டிப்போக்களில் ராத்திரி வண்டிகளை எப்படி நிறுத்துவோம் தெரியுமா? கண்ணாடிக்குக் கண்ணாடி உரசாத குறையாக. சார்ஜர் போட இடம் பார்க்கிறவர்கள் இரண்டு வண்டிக்கு நடுவே ஆள் ஓடவும் தண்ணீர்க் குழாய் நுழையவும் வழி விட வேண்டும்.

சென்னையில் கிலோமீட்டருக்கு ஏசி இல்லாத வண்டிக்கு ₹77.16, ஏசிக்கு ₹80.86 தனியாருக்குக் கொடுக்கிறார்களாமே. டீசலே தேவலாம் போலிருக்கிறது?

அந்தக் காசில் வண்டி விலை, டிரைவர் சம்பளம், பராமரிப்பு எல்லாம் அடக்கம். டீசல் செலவோடு மட்டும் அதை ஒப்பிடக்கூடாது. எரிபொருளை மட்டும் பார்ப்போம். லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் போகிற தாழ்தள டீசல் வண்டி, டீசல் ₹92 என்றால் கிலோமீட்டருக்கு ₹23. மின்சார வண்டிக்கு சார்ஜில் வீணாவதையும் சேர்த்து 1.3 யூனிட், யூனிட் எட்டு ரூபாய் என்று வைத்தால் பத்தரை ரூபாய்க்குள். மிச்சமாவது உண்மை. ஓடினால்தான் காசு என்பதால் நடத்துகிறவரும் வண்டியை ஷெட்டில் தூங்கவிடமாட்டார்.

என் கவலை வேறு: தயாரித்தவரே கடையைக் கட்டினால்? அமெரிக்காவின் பிலடெல்பியா புரோடெரா என்ற நிறுவனத்திடம் 25 மின்சார வண்டிகள் வாங்கி, அடிச்சட்டத்தில் விரிசல் என்று 2020 பிப்ரவரியில் மொத்தமாக நிறுத்தியது. 2023 ஆகஸ்டில் அந்த நிறுவனமே திவால் மனு போட்டது. மோட்டாருக்கு ஒன்றும் இல்லை, பாருங்கள். ஒப்பந்தம் எழுதும்போதே ஸ்பேர் எத்தனை வருடத்துக்கு, சாஃப்ட்வேர் பூட்டு யார் கையில் என்று எழுதி வாங்காவிட்டால் ஒரு எச்சரிக்கை விளக்கை அணைக்கக்கூட லேப்டாப்போடு வெளியூர் ஆளுக்குக் காத்திருக்க வேண்டும். காத்திருந்திருக்கிறேன், மூன்று நாள்.

டிப்ளமோ ஆட்டோமொபைல் முடித்திருக்கிறேன் ஐயா. மின்சாரப் பேருந்து டிப்போவில் வேலை கிடைக்குமா? என்ன கற்றுக்கொள்ள வேண்டும்? (மாணவி, திருவள்ளூர்)

கிடைக்கும்மா. ஸ்பேனரோடு மல்ட்டிமீட்டரும் லேப்டாப்பும் பழகிக்கொள். நின்ற வண்டியைக் கட்டி இழுக்கும் முன் மோட்டாரையும் சக்கரத்தையும் இணைக்கும் தண்டான புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் சக்கரம் மோட்டாரைச் சுற்றி மின்சாரம் உண்டாக்கிவிடும். இந்த மாதிரி விஷயங்கள் டீசல்காரர்களுக்குப் புதிது, உனக்குப் பழக்கமாகிவிடும். சேர்ந்த முதல் நாள் ரப்பர் கையுறை ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். மணிக்கட்டுப் பக்கத்தைச் சுருட்டி, உள்ளே காற்றை அடைத்து, விரல்களை அழுத்திக் கன்னத்தருகே வைத்துப் பார். ஊசித்துளை இருந்தால் காற்று கன்னத்தில் படும். பட்டால் அந்தக் கையுறையைக் குப்பையில் போட்டுவிட்டு வேறு கேள், "நேற்றுகூட இதைத்தான் போட்டேன்" என்று எந்த சீனியர் சொன்னாலும்.