இருபது அடி வண்டித்தடம்

அன்புள்ள ஐயா,

தூத்துக்குடிக்குத் தெற்கே, பழைய காயலை ஒட்டிய ஊர் எங்களுடையது. 'மார்கோ போலோ காலடி பட்ட மண்ணுடா இது' என்று எங்கள் வாத்தியார் பெருமையாகச் சொல்வார். போன மாதம்தான் அவருடைய பயண நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பை வாங்கினேன். பாதியிலேயே சலிப்புத் தட்டிவிட்டது. நண்பர் ஒருவர், 'அந்த ஆள் சீனாவுக்கே போகவில்லை, பெருஞ்சுவரைப் பற்றியோ தேநீரைப் பற்றியோ ஒரு வரிகூடக் கிடையாது' என்கிறார். இன்னொருவரோ, ஐரோப்பியர் கிழக்கைப் பற்றி எழுதியதெல்லாம் ஆள வந்தவனின் பார்வைதான், அதை நாம் ஏன் தூக்கிச் சுமக்கவேண்டும் என்று கேட்கிறார். மார்கோ போலோ பொய்யரா? கிழக்கே வந்த இந்தப் பழைய பயணிகளைப் படிப்பதென்றால் யாரிடமிருந்து தொடங்கலாம்? இந்த வகை நூல் ஒன்றைத் தமிழில் மொழிபெயர்க்கும் ஆசையும் எனக்கு உண்டு.

ச.

அன்புள்ள ச.,

முதலில் உங்கள் வாத்தியார் பக்கம் நிற்கிறேன். நம் தமிழ்க் கடற்கரையான மாபார் நாட்டைப் பற்றிய பகுதியை மட்டும் எடுத்துத் திரும்பப் படியுங்கள். இந்த ஊர்க்காரர்கள் குடிக்கும்போது பாத்திரத்தை உதட்டில் வைப்பதில்லை, உயரத் தூக்கி வாயில் ஊற்றிக்கொள்கிறார்கள் என்று எழுதுகிறார். அண்ணாந்து குடிப்பது நமக்கு ஒரு செய்தியே அல்ல. நம் ஆட்கள் யாரும் அதை எழுதிவைத்திருக்க மாட்டார்கள். கடன்காரனைச் சுற்றித் தரையில் வட்டம் கீறிவிட்டால், கடனை அடைக்காமல் அவன் கோட்டைத் தாண்டக்கூடாது என்ற வழக்கத்தையும் சொல்கிறார். குதிரைமேல் வந்த அரசனையே ஒரு வெளிநாட்டு வணிகன் அப்படி மறித்து நிறுத்தியதைத் தன் கண்ணால் பார்த்ததாக வேறு எழுதுகிறார். ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் காயலுக்குக் கப்பலில் வந்து இறங்கிய குதிரைகளுக்கு இங்கே வேகவைத்த சோறும் கறியும் போட்டார்கள், பெரும்பாலானவை செத்தன என்பது இன்னொன்று. இது கடைவீதியில் நின்றவன் பேச்சு. வெறும் கற்பனையில் இப்படியெல்லாம் வராது.

பெருஞ்சுவர், தேநீர் விவகாரம் பழையது. 1995இல் பிரிட்டிஷ் நூலகத்தின் சீனப் பிரிவில் பணியாற்றிய பிரான்சிஸ் வுட் அதை ஒரு நூலாகவே எழுதினார். இன்று படங்களில் நாம் பார்க்கும் சுவரின் பெரும்பகுதி மிங் காலத்தில் எழும்பியது, மார்கோ போலோ ஊர் திரும்பிய பிறகு. அதைவிட எனக்கு முக்கியமாகப்படுவது ஒரு சின்ன ஆவணம். பாரசீகத்தை ஆண்ட அர்குன் கானிடம் அனுப்பப்பட்ட மூன்று தூதர்களோடுதான் சீனாவிலிருந்து கப்பல் ஏறினேன் என்று மூன்று பெயரையும் மார்கோ போலோ சொல்கிறார். அதே மூன்று பெயர்கள் 1290ஆம் ஆண்டுச் சீன அரசாணை ஒன்றில் இருப்பதை 1941இல் யாங் ஜிஜியு என்ற வரலாற்றாசிரியர் எடுத்துக் காட்டினார். அந்த ஆணையில் மார்கோ போலோவின் பெயர் இல்லை. ஆனால் போகாதவனுக்கு அந்த மூன்று பெயர் எங்கிருந்து கிடைத்திருக்கும்?

அதற்காக அவரை அரிச்சந்திரன் என்றும் சொல்லமாட்டேன். சீனத்து ஷியாங்யாங் கோட்டையை வீழ்த்தக் கல்லெறி பொறி செய்து கொடுத்ததே நாங்கள்தான் என்கிறது நூல். கோட்டை விழுந்தது 1273இல். போலோ குடும்பம் சீனாவை ஆண்ட மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கானிடம் போய்ச் சேர்ந்ததோ 1275 வாக்கில். இந்த அளப்பு யாருடையது என்று கேட்டால் அங்கே இரண்டாவது ஆள் ஒருவர் வருகிறார். 1298இல் ஜெனோவா சிறையில் மார்கோ போலோ சொல்லச் சொல்ல எழுதியவர் பிசா நகரத்து ருஸ்திகெல்லோ, ஆர்தர் ராஜா கதைகள் எழுதுவதைத் தொழிலாகக் கொண்டவர். 'பேரரசர்களே, மன்னர்களே' என்று தொடங்கும் முகவுரையை அவர் தன்னுடைய பழைய கதையொன்றிலிருந்தே எடுத்து ஒட்டியிருக்கிறார். உங்களுக்குச் சலிப்புத் தட்டியதும் அவரால்தான். ஊருக்கு ஊர் 'மக்கள் சிலைவழிபாட்டினர், கானின் குடிகள், காகிதப் பணம் புழங்குகிறது' என்று பல்லவி போல வருகிறதே, அங்கே பயணி தூங்கிவிட்டார், எழுத்தர் மட்டும் விழித்திருக்கிறார்.

ஆகவே பொய்யா மெய்யா என்ற கேள்வியோடு இந்த நூல்களுக்குள் போவதை நான் விட்டு வெகுகாலம் ஆயிற்று. நான் தேடுவது வேறு. ஊரிலிருந்து கொண்டுவந்த கதையும் கண்முன் நிற்கும் பொருளும் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று வரும். அங்கே இந்த ஆள் எந்தப் பக்கம் சாய்கிறான்? சுமத்ராவில் மார்கோ போலோ, ஐரோப்பியக் கதைகளில் வரும் ஒற்றைக்கொம்பனைப் பார்க்கிறார். எருமை ரோமம், யானைக் கால், காட்டுப்பன்றித் தலை, சேற்றில் புரளும் அவலட்சணம். கன்னிப்பெண்ணின் மடியில் வந்து படுத்துக்கொள்ளும் என்று தன் ஊரில் சொல்கிறார்களே, அப்படியெல்லாம் ஒன்றும் கிடையாது என்று எழுதிவிடுகிறார். அவர் பார்த்தது காண்டாமிருகம். பெயரை விடவில்லை, கதையை விட்டுவிட்டார். அவர் நூலில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான்.

ஆனால் இந்த முட்டல் பக்கத்துக்குப் பக்கம் நடப்பது வேறொருவரிடம். நீங்கள் அவரிடமிருந்து தொடங்கவேண்டும். ரூப்ருக் ஊர் வில்லியம். பிளாண்டர்ஸ் பகுதியைச் சேர்ந்த பிரான்சிஸ்கன் துறவி. 1253 மே மாதம் கான்ஸ்டான்டினோப்பிளிலிருந்து கிளம்பி, கிரிமியா வழியாக வோல்கா ஆற்றங்கரையில் இருந்த மங்கோலியத் தலைவர் பாத்து கானைப் பார்த்து, அங்கிருந்து புல்வெளிகளைத் தாண்டி மங்கோலியாவில் பேரரசர் மோங்கே கானின் முகாமுக்கு டிசம்பர் கடைசியில் போய்ச் சேர்கிறார். 1255 ஆகஸ்டில் லெபனான் கடற்கரையிலுள்ள திரிப்போலிக்குத் திரும்பிவிட்டார். பிரான்ஸ் மன்னர் ஒன்பதாம் லூயிக்கு எழுதிய நீண்ட கடிதம்தான் நூல். நடுவில் எழுத்தர் கிடையாது, ஆர்தர் ராஜா கிடையாது.

இவரிடம் முதலில் என்னைக் கவர்ந்தது அளக்கும் புத்தி. மங்கோலியர் கூடாரத்தை அப்படியே வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். ஐயோ எவ்வளவு பெரியது என்று வாயைப் பிளந்துவிட்டு நகரலாம் அல்லவா? இவர் இறங்கித் தரையில் பதிந்த சக்கரத் தடத்தை அளக்கிறார், இரண்டுக்கும் நடுவே இருபது அடி. வீடு சக்கரத்துக்கு வெளியே இரு பக்கமும் ஐந்தைந்து அடி நீட்டிக்கொண்டிருக்கிறது. மாடுகளை எண்ணுகிறார், வரிசைக்குப் பதினொன்றாக இரண்டு வரிசை, இருபத்திரண்டு. அச்சு கப்பலின் பாய்மரம் அளவு. இத்தனையும் எழுதிவிட்டு, பெண்கள் தங்களுக்குச் செய்துகொள்ளும் அழகான வண்டிகளைப் படம் போட்டால் ஒழியக் காட்டமுடியாது, எனக்கு வரையத் தெரிந்திருந்தால் எல்லாவற்றையும் வரைந்தே அனுப்பியிருப்பேன் என்று மன்னரிடம் குறைப்பட்டுக்கொள்கிறார்.

தன்னை நாயகனாக நிறுத்திக்கொள்ளவே தெரியாத மனிதர். உடம்பு கனம் என்பதால் எப்போதும் வலுவான குதிரையாகப் பார்த்துக் கொடுத்தார்கள் என்று அவரே எழுதுகிறார். வணிகர்கள் பேச்சைக் கேட்டு மாட்டுவண்டி பிடித்ததில் ஒரு மாதத்து வழி இரண்டு மாதம் ஆயிற்று என்று நொந்துகொள்கிறார். சபை விதிப்படி செருப்பில்லாமல் பனியில் போய் நிற்க, 'உங்களுக்குக் கால் வேண்டாமா?' என்று கானின் ஆட்கள் கேட்கிறார்கள். கொஞ்ச நாளில் விரல் நுனி உறைந்துபோகிறது, வெறுங்காலை விட்டுவிடுகிறார். குமிஸ் என்ற புளித்த குதிரைப்பாலை முதன்முதலில் குடிக்கிறார். பயத்திலும் புதுமையிலும் வியர்த்துக் கொட்டுகிறது, ஆனால் ருசியாகத்தான் இருந்தது என்கிறார். நாக்கில் சுரீரென்று ஏறி, பிறகு பாதாம்பால் சுவை தங்குமாம். முதல்முறை கள் குடித்துவிட்டு இவ்வளவு நேர்மையாக எழுதிய தமிழ் எழுத்தாளர்கள் குறைவு.

அவருடைய பெரிய துயரம் மொழிபெயர்ப்பாளர். மதபோதனை செய்யப் போனவர், வாய் இன்னொருவனிடம் இருக்கிறது. கொஞ்சம் மொழி பிடிபட்ட பிறகுதான், நான் ஒன்று சொல்ல அவன் முற்றிலும் வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தான் என்று கண்டுபிடிக்கிறார். 1254 ஜனவரித் தொடக்கத்தில் மோங்கே கானின் முன்னால் முதல் சந்திப்பு. எட்டு மாதம் பட்ட பாடெல்லாம் இதற்காகத்தான். உள்ளே நுழைந்ததும் உபசரிப்பு நடக்கிறது. மொழிபெயர்ப்பாளர் அளவு தெரியாமல் குடித்துவிடுகிறார். அதுவரை நடந்த பேச்சு புரிந்தது, அதற்குமேல் ஒரு முழு வாக்கியம்கூடப் பிடிபடவில்லை, கானும் கொஞ்சம் போதையில் இருப்பதாகத் தெரிந்தது என்று மன்னருக்கு எழுதுகிறார். எனக்கு லடாக்கில் ஓர் அனுபவம் உண்டு. ஒரு கிழவரிடம் நான் கேட்ட ஐந்து நிமிடக் கேள்வியை எங்கள் ஓட்டுநர் இரண்டே சொல்லில் மொழிபெயர்த்தார். கிழவர் பத்து நிமிடம் பதில் சொன்னார். ஓட்டுநர் என்னைப் பார்த்து, 'ஆமாங்கிறார்' என்றார். அன்றிலிருந்து ரூப்ருக் எனக்குச் சொந்தக்காரர் மாதிரி.

இப்போது உங்கள் இரண்டாவது நண்பருக்கு. ஆள வந்தவனின் பார்வை என்பது பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்களுக்குப் பொருந்தும். 1250களில் கதை தலைகீழ். 1241இல் மங்கோலியர் போலந்தையும் ஹங்கேரியையும் மிதித்துவிட்டுப் போயிருந்தார்கள். ரூப்ருக்குக்கு முன்னால் போன கார்ப்பினி ஊர் ஜான் 1246இல் போப்புக்கு வாங்கி வந்த பதிலில், நீரே நேரில் வந்து பணியும் என்று அப்போதைய பேரரசர் குயுக் கான் எழுதியிருந்தார். மோங்கே ரூப்ருக்கிடம் தந்தனுப்பிய கடிதமும் லூயியைக் கீழ்ப்படியச் சொல்வதுதான். அந்தச் சபையில் இவர் குளிரில் நடுங்கும், சோற்றுக்குக் காத்து நிற்கும் ஓர் ஏழைப் பரதேசி. பார்வை கீழிருந்து மேலே போகிறது.

ஏளனம் இல்லாமலில்லை. கீழைக் கிறிஸ்தவப் பிரிவான நெஸ்டோரியப் பாதிரிகளைக் குடிகாரர்கள் என்று திட்டித் தீர்க்கிறார். தலைநகரமான காராகோரம், பாரிஸுக்குப் பக்கத்து செயின்ட் டெனிஸ் கிராமத்துக்கு ஈடில்லை என்கிறார். ஆனால் அடுத்த மூச்சில், அங்கே முஸ்லிம்கள் தெரு ஒன்று, சீனக் கைவினைஞர் தெரு ஒன்று, பன்னிரண்டு கோயில், இரண்டு மசூதி, ஒரு தேவாலயம் என்று கணக்கு வந்துவிடும். கானின் முகாமில், ஹங்கேரியில் பிடிபட்டு வந்த பாக்கெட் என்ற பெண்ணைச் சந்திக்கிறார். பிரான்ஸ் பக்கத்து மெட்ஸ் நகரத்துக்காரி. இளம் ரஷ்யத் தச்சன் ஒருவனைக் கட்டிக்கொண்டு, இவர்களைக் கூப்பிட்டு விருந்து வைக்கிறாள். பாரிஸ் பொற்கொல்லர் கியோம் பூஷே கானுக்கு ஒரு வெள்ளி மரம் செய்திருக்கிறார். நான்கு குழாய்களில் திராட்சை மது, குமிஸ், தேன் மது, அரிசி மது வழியும். உச்சியில் ஊதுகுழலோடு ஒரு தேவதை. துருத்தி வைத்துப் பார்த்தார்களாம், காற்று போதவில்லை. கடைசியில் மரத்தடியில் குழி தோண்டி ஓர் ஆளை ஒளித்துவைத்தார்கள். சரக்குத் தீர்ந்ததும் தலைமைப் பரிசாரகர் குரல் கொடுப்பார், குழிக்குள் இருப்பவன் ஊதுவான், தேவதை முழங்கும், வெளியே ஆட்கள் குழாயில் மதுவை ஊற்றுவார்கள். மந்திர மரம் என்று எழுதி முடித்திருந்தால் எவ்வளவு புகழ் கிடைத்திருக்கும். இவர் குழியில் இருந்த ஆளையும் காட்டிக்கொடுத்துவிட்டார்.

பழைய நூல்களோடு அவர் மோதுவதும் இப்படி அமைதியாகத்தான். காஸ்பியன் கடலைப் பெருங்கடலின் விரிகுடா என்று பழைய கலைக்களஞ்சிய ஆசிரியர் இசிதோர் எழுதியது தப்பு, சுற்றிலும் நிலம்தான், நான்கு மாதத்தில் சுற்றி வந்துவிடலாம் என்கிறார். கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸுக்குத் தெரிந்திருந்த விஷயம்தான், நடுவில் ஐரோப்பா மறந்திருந்தது. இசிதோரும் ரோமானிய எழுத்தாளர் சொலினஸும் சொல்லும் விசித்திர மனிதர்கள் எங்கே என்று விசாரிக்கிறார். அப்படி யாரையும் பார்த்ததே இல்லை என்கிறார்கள் அங்குள்ளவர்கள். அது நிஜம்தானா என்று ஐயப்படுவதோடு நிறுத்திக்கொள்கிறார். சீனத்துக்கு அப்பால் ஒரு நாட்டில் வயது ஏறுவதே இல்லை என்று யாரோ சொன்னதையும் எழுதிவிட்டு, நான் நம்பவில்லை என்று பக்கத்திலேயே போட்டுவிடுகிறார். சீன எழுத்தைத் தூரிகையால் எழுதுகிறார்கள், ஓர் உருவுக்குள் ஒரு சொல்லே அடங்குகிறது என்று ஐரோப்பியருக்கு முதலில் விளக்கியவரும் இவர்தான்.

ஆங்கிலேய அறிஞர் ரோஜர் பேக்கன் இவரைச் சந்தித்துப் பேசித் தன் நூலில் பயன்படுத்திக்கொண்டார். அதை விட்டால் அந்தக் காலத்தில் யாரும் பெரிதாகச் சீந்தவில்லை, எஞ்சிய கையெழுத்துப் படிகளை ஒரு கைவிரல்களில் எண்ணிவிடலாம். நாய்த்தலை மனிதர்களை நிறைத்து எழுதிய, பதினான்காம் நூற்றாண்டு மாண்டவில் பயண நூலுக்கோ முந்நூறு படிகள் வரை கிடைத்திருக்கின்றன.

மொழிபெயர்ப்பதென்றால் இதையே எடுத்துக்கொள்ளுங்கள். பீட்டர் ஜாக்சனின் 1990ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பு கிடைக்கும், அடிக்குறிப்புகளே பாதிப் புத்தகம். பதிப்பாளரிடம் பேசப் போகும்போது மூலத்தின் கடைசி வாக்கியத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இனிமேல் யாரையாவது கானிடம் அனுப்புவதாக இருந்தால் நல்ல மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வேண்டும், ஒருவர் என்ன, பலர் வேண்டும், செலவுக்குப் பணமும் தாராளமாக வேண்டும் என்று அதில் மன்னருக்கு எழுதியிருக்கிறார்.